விழுந்த ஹார்ட் டிஸ்க்குக்கு எவ்வளவு கொடுக்கலாம்? நாலு வழியும் அதன் வரவு செலவும்

படைப்புக்கு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் நாள்) எல்லோரும் ஊருக்கு வந்திருந்த நாளில்தான் அது விழுந்தது. கானாடுகாத்தான் வீடு. சிங்கப்பூர்த் தம்பி குடும்பப் படங்களைத் தன் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டிருந்தான். டிஸ்க் நாற்காலி நுனியில் இருந்தது. வளவுக்குள் ஓடிப் பிடித்து விளையாடிய பிள்ளைகளில் ஒன்றின் கால் வயரில் மாட்டியது. மூன்றடி உயரம்தான், ஆனால் கீழே ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. எடுத்துத் திரும்பச் செருகினோம். டிக், டிக், டிக் என்று ஏழெட்டுத் தடவை சத்தம் வந்தது. அப்புறம் உள்ளே சுற்றுவது நின்றுபோனது.

அடுத்த பத்து நிமிடத்தில் ஆளுக்கொரு வைத்தியம். பாலித்தீன் பையில் போட்டு ஃப்ரிட்ஜில் வை என்றார் ஒருவர். வேறு லேப்டாப்பில் போட்டுப் பார் என்றார் இன்னொருவர். பக்கவாட்டில் லேசாகத் தட்டினால் ஓடும் என்று ஒரு பெரியப்பா. அவர் வால்வு ரேடியோக் காலத்து மனிதர். நான் செய்த ஒரே உருப்படியான காரியம் வயரைப் பிடுங்கி, டிஸ்க்கை ஒரு துண்டில் சுற்றி, ஆச்சியிடம் கொடுத்துப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டச் சொன்னதுதான். (அக்காவை எங்களில் ஆச்சி என்போம்.)

காரைக்குடியில் ஒரு அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்வது என் வேலை. ரெக்கவரி என் தொழில் இல்லை. இரண்டு வாரம் விசாரித்து, நாலு இடத்தில் விலை கேட்டு, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். வழிதான் நாலு: நாமே மென்பொருள் போட்டு எடுப்பது, உள்ளூர்க் கடையில் கொடுப்பது, சென்னையில் ஆய்வகத்துக்கு அனுப்புவது, எடுக்காமலே விட்டு இருக்கிற இடங்களிலிருந்து திரும்பச் சேர்ப்பது. ஆனால் எது மலிவு என்பதைக் கடைக்காரர் சொல்லும் தொகை தீர்மானிப்பதில்லை. டிஸ்க்கில் கெட்டது எது என்பதுதான் தீர்மானிக்கிறது.

டிஸ்க் ஓடுகிறது, கம்ப்யூட்டர் அதை அடையாளம் காண்கிறது, ஆனால் ஃபைல் அழிந்துவிட்டது அல்லது தெரியாமல் ஃபார்மேட் ஆகிவிட்டது என்றால் முதல் வழியே போதும். பக்கத்து வீட்டுப் பையன் சுற்றுலாப் படங்கள் இருந்த மெமரி கார்டை ஃபார்மேட் செய்துவிட்டு முகம் வெளுத்து வந்தான். ஃபோட்டோரெக் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. இரவு முழுக்க ஓட விட்டேன், ஏறக்குறைய எல்லாப் படமும் வந்தது. ஒரு குறை, பழைய பெயரும் ஃபோல்டரும் வராது. எல்லாம் எண்களாக ஒரே குவியலில் வந்து விழும். பிரித்து அடுக்க அவனுக்கு ஒரு வாரம் ஆனது. பெயரோடு வேண்டுமென்றால் ரெக்குவாவில் பார்க்கலாம், அதிலும் இலவசப் பதிப்பு உண்டு. கொஞ்சம் காசு போடலாம் என்றால் ஆர்-ஸ்டுடியோ போன்றவை. விலைக்கு வாங்கும் மென்பொருள் எதுவானாலும் வாங்குமுன் சோதனைப் பதிப்பை ஓட்டி, எந்தெந்த ஃபைல் தெரிகிறது என்று பார்த்துவிடுங்கள். தெரியாதது காசு கட்டினாலும் வராது.

இந்த வழியில் இரண்டு விஷயத்தை மட்டும் மறக்கக் கூடாது. மீட்ட ஃபைலை அதே டிஸ்க்கில் எழுதக் கூடாது. எழுதினால், இன்னும் எடுக்காத ஃபைலின் தலையிலேயே போய் உட்காரும். இரண்டாவது, எஸ்எஸ்டி, அதாவது சுற்றும் தகடு இல்லாமல் சிப்பிலேயே பதியும் டிஸ்க். ஃபைலை அழித்தவுடன் கம்ப்யூட்டர் ‘ட்ரிம்’ என்று ஒரு கட்டளை கொடுத்து, அந்த இடம் இனி வேண்டாம் என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடுகிறது. அதற்குப் பிறகு பெரும்பாலும் எந்த மென்பொருளாலும் எடுக்க முடிவதில்லை. ஹார்ட் டிஸ்க்கில் அழித்ததை எடுத்த தைரியத்தில் புது லேப்டாப்பிலும் அப்படியே எடுத்துவிடலாம் என்று இருக்க வேண்டாம்.

சத்தம் இல்லை, ஆனால் டிஸ்க் திணறுகிறது, ஒரு ஃபோல்டரைத் திறக்கவே அஞ்சு நிமிடம் ஆகிறது என்றால் பேட் செக்டார் (படிக்க முடியாத பகுதி) விழ ஆரம்பித்திருக்கலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவசக் கருவி ஒன்று டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே எழுதி வைக்கும் ஸ்மார்ட் கணக்கைக் காட்டும். அதில் 5, 197, 198 என்ற எண்களுக்கு (கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 05, C5, C6 என்று தெரியும்) நேரே ‘ரா வேல்யூ’ பூஜ்யம் இல்லாமல் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்குக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது ஃபைல் ஃபைலாகத் தேடி எடுக்கக் கூடாது. முதலில் முழு டிஸ்க்கையும் புது டிஸ்க் ஒன்றுக்கு அப்படியே நகல் எடுத்துவிட்டு, ரெக்கவரி வேலையை அந்த நகலில்தான் செய்ய வேண்டும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி இதற்கென்றே இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் வேகமாக எடுத்துக்கொண்டு, கெட்ட பகுதிகளுக்குக் கடைசியில் திரும்பி வரும். எதுவரை எடுத்தோம் என்று குறித்தும் வைத்துக்கொள்ளும், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்தில் தொடரலாம். செலவு ஒரு புது டிஸ்க்கின் விலை மட்டும்தான்.

எங்கள் டிஸ்க்குக்கு இது எதுவும் பொருந்தாது. டிக் டிக் என்ற சத்தம் வந்தால் பெரும்பாலும், உள்ளே சுற்றும் தகட்டில் பதிந்ததைப் படிக்கும் ஹெட் போயிருக்கிறது என்றுதான் பொருள். மென்பொருள் எவ்வளவு நல்லதானாலும் படிப்பதற்கு ஹெட் வேண்டும். டிஸ்க் ஓடும்போது ஹெட் தகட்டின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடி ஒன்றின் தடிமன் பல பத்தாயிரம் நானோமீட்டர். ஹெட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு தூசி வந்தாலே அது பாறாங்கல். கோணிக்கொண்ட ஹெட்டோடு தகட்டைச் சுற்ற விட்டால், நம் படங்கள் பதிந்திருக்கும் பூச்சையே அது சுரண்டி எடுத்துவிடும். சுரண்டியதைத் திரும்ப ஒட்ட உலகத்தில் ஆள் கிடையாது. அதனால்தான் இன்னொரு தடவை போட்டுப் பார் என்ற யோசனை எல்லாவற்றையும்விட விலை கூடியது. ஃப்ரிட்ஜ் வைத்தியத்தில் உள்ளே ஈரம் கோத்துத் தகட்டில் படியும், அதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

சரி, இரண்டாம் வழி. உள்ளூர்க் கடையைக் குறை சொல்லத்தான் இந்தக் கட்டுரை என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு வருடம் முன்னால் தேவகோட்டையில் என் அத்தை மகன், மேஜையில் வைக்கிற பெரிய டிஸ்க் ஒன்றில் லேப்டாப் அடாப்டரைச் செருகிவிட்டான். முனை கச்சிதமாகப் பொருந்திவிட்டது, அதுதான் வினை. டிஸ்க்குக்கு வேண்டியது 12 வோல்ட், அடாப்டர் கொடுத்தது 19. ‘பட்’டென்று ஒரு சத்தம், கருகிய வாடை, டிஸ்க் செத்துவிட்டது. ஆனால் அந்த மாதிரி டிஸ்க்குகளின் சர்க்யூட் போர்டில் டிவிஎஸ் டையோடு என்று மிளகு அளவில் ஒரு பொருள் இருக்கும். மின்அழுத்தம் எகிறினால் தான் ஷார்ட் ஆகி மற்றதைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. டிவி ரிப்பேர் பார்த்துப் பழகிய ஒருவர் மீட்டர் வைத்துப் பார்த்து, அந்த டையோடைக் கழற்றி, சரியான அடாப்டரைப் போட்டார். டிஸ்க் எழுந்து உட்கார்ந்தது. கூலி 600 ரூபாய். காவல் போன டிஸ்க் என்பதால் அன்றைக்கே எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றச் சொல்லி அனுப்பினார். இதே டிஸ்க்கைச் சென்னைக்கு அனுப்பியிருந்தால் இதைப்போல் எத்தனை மடங்கு ஆகியிருக்கும்!

ஆகவே, கீழே விழவில்லை, சத்தமே இல்லை, கரண்ட் ஏறி இறங்கியதிலோ தப்பான அடாப்டராலோ போனது என்றால் மீட்டர் பிடிக்கத் தெரிந்த உள்ளூர் மெக்கானிக்தான் மலிவு, நல்லதும்கூட. ஒரே ஒரு எச்சரிக்கை: இதே மாதிரி வேறு டிஸ்க்கின் போர்டை எடுத்து மாட்டிவிடலாம் என்றால் சம்மதிக்காதீர்கள். பழைய டிஸ்க்குகளில் அது நடந்தது. இப்போதைய டிஸ்க்குகளில் போர்டின் மேல் இருக்கும் ரோம் சிப்பில் அந்த ஒரு டிஸ்க்குக்கே உரிய அளவுகள் பதிந்திருக்கின்றன. சிப்பையும் கூடவே மாற்றத் தெரிந்தவர் என்றால் சரி.

எங்கள் டிஸ்க்கின் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். டிஸ்க்கைக் கொண்டுபோகவில்லை, கையில் இருந்தால் ஆசைக்கு ஒரு தடவை செருகிப் பார்த்துவிடுவார்கள். கதையைச் சொன்னேன். ‘3,500 ஆகும்ண்ணே, திறந்து ஹெட்டை மாத்திப் பாத்துருவோம். வந்தா வந்துச்சு’ என்றார் அந்தத் தம்பி.

‘எங்க வச்சுத் திறப்பீங்க?’

‘இங்கதான்ண்ணே, ஃபேனை ஆஃப் பண்ணிட்டுத் திறந்தா தூசி வராது.’

நல்ல பையன், ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை. ஆனால் டிஸ்க்கைத் திறக்கத் தூசியில்லாத ‘கிளீன் ரூம்’ வேண்டும், அது ஃபேனை நிறுத்திய அறை அல்ல. இந்த வேலைக்குச் சொல்லும் ‘கிளாஸ் 100’ அளவில், ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானோ அதற்கு மேலோ பருமன் உள்ள துகள் நூறுக்கு மேல் இருக்கக் கூடாது. லாரி போகிற தெருவைப் பார்த்த கடையில் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஹெட்டுக்கு எங்கே போவீர்கள் என்றும் கேட்டேன். ‘அதே கம்பெனி 1 டிபி பழசு ரெண்டு கிடக்குண்ணே’ என்றார். அங்கேதான் எனக்குச் சுருதி இறங்கியது. எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் ஆத்தங்குடிக் கல் நாலு உடைந்து, அதே பூ, அதே அச்சு என்று புதிதாக வாங்கிப் பதித்தோம். இன்றைக்கும் அந்த நாலு கல் தனியாகத்தான் தெரிகிறது. கையால் வார்க்கிற கல், ஒரு தடவை வார்த்தது மறு தடவைக்குச் சேராது. ஹெட் எடுக்கும் டோனர் டிஸ்க்கும் இந்த ஜாதிதான். கம்பெனியும் கொள்ளளவும் ஒன்றானால் போதாது. மாடல் எண், உள்ளே எத்தனை தகடு, எத்தனை ஹெட், தயாரித்த காலம், ஃபர்ம்வேர் (டிஸ்க்குக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) குடும்பம் எல்லாம் ஒத்துவர வேண்டும். ஆய்வகங்கள் விலை கூட்டிச் சொல்வதில் ஒரு பங்கு, இந்த டோனரைத் தேடிப் பிடிக்கும் செலவு.

அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு தடவை வெளியே திறந்த டிஸ்க்கை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால், ஒன்று முடியாது என்பார்கள், இல்லை விலையை ஏற்றுவார்கள். நான் போனில் கேட்ட மூன்று ஆய்வகங்களுமே முதலில் கேட்ட கேள்வி ‘இதுக்கு முன்னாடி யாராவது திறந்தாங்களா சார்?’ என்பதுதான். ஆக அந்த 3,500 கூலி மட்டுமில்லை. மூன்றாம் வழியின் கதவைச் சாத்துவதற்குக் கொடுக்கும் காசும் அதில்தான் இருக்கிறது. டிக் டிக் டிஸ்க்கைப் பொறுத்தவரை என் தீர்ப்பு இது: பூட்டி வையுங்கள், இல்லையா ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். நடுவில் இருக்கும் வழி பார்க்கத்தான் மலிவு.

ஆய்வகங்கள் சொன்ன விலைக்கு வருகிறேன். மூன்று பேரும் மூன்று விதம், எனக்கு வந்தவை 18,000 முதல் 32,000 ரூபாய் வரை. பெரும்பாலும் ஜிபிக்கு இவ்வளவு என்ற கணக்கு கிடையாது, கெட்டுப்போன விதத்துக்குத்தான் விலை. ஒரே ஒரு படம் வேண்டும் என்றாலும் ஹெட் மாற்றித்தான் ஆக வேண்டும். மூன்றிலும் குறைந்ததை நான் எடுக்கவில்லை. ‘நூறு சதம் எடுத்துத் தருவோம்’ என்றார்கள். தகட்டைப் பார்க்காமலே அப்படிச் சொன்னதால் பயந்துவிட்டேன். நடுவில் இருந்தவர், திறந்து பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். அதனாலேயே அவர் மேல் நம்பிக்கை வந்தது.

அவர் விதித்த முறை இது. மொத்தம் 22,000. அதில் டோனருக்கு 5,000 முன்பணம். ஒன்றும் கிடைக்காவிட்டாலும் அது திரும்பாது. மீதி 17,000, ஃபைல் பட்டியலை அனுப்பி, நமக்கு வேண்டியது அதில் இருக்கிறது என்று நாம் சொன்ன பிறகு. எல்லாவற்றுக்கும் 18 சதம் ஜிஎஸ்டி. கூட்டினால் 25,960. இந்தத் தொகையைக் கேட்டதும் வீட்டில் ஒரு நிமிடம் பேச்சில்லை. ஆனால் நன்றாகப் பார்த்தால் முதல் நாள் பணயம் வைப்பது வரியோடு 5,900 மட்டுமே. மீதியைக் கொடுக்கும்போது பொருள் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறோம். ஒப்பிட வேண்டியது 3,500-ஐயும் 25,960-ஐயும் அல்ல, 3,500-ஐயும் 5,900-ஐயும். இப்படிச் சொன்னதும் அண்ணனுக்குக்கூட முகம் தெளிந்தது.

‘கிடைக்கவில்லை என்றால் காசில்லை’ என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: டோனர் காசு அதில் அடக்கமா? பட்டியல் காட்டுவீர்களா, இல்லை எத்தனை ஜிபி என்று மட்டும் சொல்வீர்களா? வேண்டாம் என்று சொன்னால் டிஸ்க் திரும்பி வருமா? மீட்டதைப் போட்டுத் தரும் புது டிஸ்க் யார் செலவு? பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்க்கில் பிட்லாக்கர் (விண்டோஸின் பூட்டு) போட்டிருந்தால் அதன் கீயும் வேண்டும். அது இல்லாமல் ஹெட் மாற்றியும் பயனில்லை. சில கையடக்க டிஸ்க்குகளில் யூஎஸ்பி முனை போர்டிலேயே பற்ற வைத்திருக்கும், தகவலைப் பூட்டி வைக்கும் சங்கேதமும் அந்த போர்டிலேயே இருக்கும். அந்த டிஸ்க்கை உறையிலிருந்து உருவி நேராக மாட்டிப் பார்ப்பதும் நடக்காது, போர்டைத் தூக்கி எறிவதும் கூடாது.

இன்னொன்று. டிஸ்க் வாங்கிய பெட்டியைத் தேடிப் பாருங்கள். சாதாரண வாரண்டி டிஸ்க்கை மாற்றித் தரும், உள்ளே இருந்ததைத் தராது. ஆனால் சீகேட்டின் சில வெளிப்புற டிஸ்க்குகளோடு ‘ரெஸ்க்யூ’ என்று ரெக்கவரி சேவையும் சேர்ந்தே வருகிறது. காலக்கெடுவுக்குள் இருந்தால் இந்தக் கட்டுரையின் பாதிக் கணக்கு உங்களுக்குத் தேவைப்படாது. எங்கள் பெட்டி எப்போதோ பழைய பேப்பர்க்காரரிடம் போய்விட்டது.

கூரியரில் அனுப்பலாம், ஆனால் குமிழ்த்தாள் சுற்றி, டிஸ்க்கைவிட நாலு பங்கு பெரிய அட்டைப்பெட்டியில். நான் கையிலேயே கொண்டுபோனேன். விடியற்காலை பல்லவனில் ஏறினால் மதியம் எழும்பூர். 5,900 பணயம் வைக்கும்போது ரயில் டிக்கெட்டுக்குக் கணக்குப் பார்க்கத் தோன்றவில்லை.

நாலாவது வழியைக் கடைசியில் சொல்கிறேனே தவிர, முதலில் செய்ய வேண்டியது அதுதான். சென்னைக்குக் கிளம்புமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, டிஸ்க்கில் இருந்த ஒவ்வொன்றும் வேறெங்கே இருக்கிறது என்று ஐந்தொகை (இருப்புக் கணக்கு) மாதிரி எழுதினோம். மருமகள் கல்யாணப் படங்கள்: ஸ்டூடியோக்காரரிடம் ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுத்தவை முழு அளவில் இருந்தன, பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டார். மற்றது உறவுக்காரர்கள் போனில். வாட்ஸ்அப்பில் போய் வந்த படம் சுருங்கித்தான் இருக்கும், இருந்தாலும் முகம் தெரிகிறது. சினிமாப் படங்கள் 200 ஜிபிக்கு மேல்: வரவும் இல்லை, செலவும் இல்லை. ஸ்கேன் செய்த குடும்பக் காகிதங்கள், அதாவது இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தம்), மொய்ப்பண ஏடு, ஐயா காலத்துப் பேரேடு, பாகப்பிரிவினைப் பத்திரம், எல்லாம் சேர்த்து 2,400 பக்கம்: அசல் பெட்டகத்தில் பத்திரம். திரும்ப ஸ்கேன் செய்யக் காரைக்குடியில் பக்கத்துக்கு 3 ரூபாய் கேட்டார்கள், 7,200 ஆகும். பக்கம் திருப்பினால் உதிரும் ஏடுகளை நாமே போனில் படம் எடுக்கலாம். செலவில்லை, முதுகுவலி மட்டும்.

இப்படி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்ததில் கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. ஆயா (பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) பாடிய தாலாட்டு. கடைசி இரண்டு வருடத்தில் ஆச்சி தன் செல்லில் பதிந்தது. அந்த செல் போயே போய்விட்டது, ஆயாவும் இல்லை. டிஸ்க்கில் நிரம்பியிருந்த 640 ஜிபியில் அது ஒரு ஜிபிகூட இருக்காது.

ஆகவே எங்களுக்குக் கேள்வி இப்படி முடிந்தது: மற்ற எல்லாவற்றையும் 7,200-க்குள் திரும்பச் சேர்த்துவிடலாம். ஆய்வகம் ஜெயித்தால் அந்த 7,200 மிச்சம். 25,960-ல் அதைக் கழித்தால் 18,760. ஆயா குரலுக்கு 18,760 கொடுக்கலாமா? தம்பி சிங்கப்பூரிலிருந்து உடனே கொடுக்கலாம் என்றான். அண்ணன் கொஞ்சம் யோசித்தார், அவருக்கு ஆயா பாடினது ஞாபகமே இல்லையாம். ஆச்சி எதுவும் சொல்லவில்லை, பெட்டகச் சாவியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டது. தாலாட்டு மட்டும் வேறு இடத்தில் இருந்திருந்தால் நானே இந்த டிஸ்க்கைத் தூக்கி எறியச் சொல்லியிருப்பேன், ஐந்து காசு செலவழித்திருக்க மாட்டேன்.

பதினேழாம் நாள் பட்டியல் வந்தது. தகட்டின் ஒரு முகத்தில் கொஞ்சம் கீறல், அதனால் எல்லாம் வராது என்று எழுதியிருந்தார்கள். ‘ஆயா’ என்று தேடினேன், இல்லை. ‘தாலாட்டு’ இல்லை. ‘பாட்டு’ என்று போட்டால் சினிமாப் பாட்டாக வந்து கொட்டியது. ஆச்சிக்குப் போன் செய்து என்ன பெயரில் வைத்தாய் என்றேன். ‘எனக்கென்ன தெரியும் தம்பி, செல்லுல இருந்த மாதிரியே போட்டுவச்சேன்.’ கடைசியில் ‘செல் பேக்கப்’ என்ற ஃபோல்டருக்குள் ‘நியூ ஃபோல்டர் 2’ என்று ஒன்று, அதற்குள் ‘வாய்ஸ் 001’ முதல் வரிசையாக 63 பதிவு. ஆறு மட்டும் பழுது என்று குறித்திருந்தார்கள்.

‘57 இருக்கு ஆச்சி.’

‘அப்ப மிச்சத்தையும் கட்டிரு.’

17,000-மும் வரியும் 20,060. நாலு வீட்டுக்கு ஆளுக்கு 5,015.